ஃபோர்ட் யூனியன்: பெயர்தான் கோட்டை, உண்மையில் அது ஒரு கிடங்கு

வண்டிப்பாதை எழுதியது:

போன மாதம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடகிழக்குப் பக்கம் இருக்கிற ஃபோர்ட் யூனியனுக்குப் போய்வந்தேன். வாட்ரஸ் என்ற சின்ன ஊரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி 13 கிலோமீட்டர் போனால் சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல், ஓயாத காற்று, நடுவில் வரிசை வரிசையாகப் புகைபோக்கிகளும் பாதி கரைந்த மண்சுவர்களும். வேறு ஒன்றும் இல்லை.

கோட்டை என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது மதிலைத்தான், நானும் தேடினேன். மதிலே கிடையாது, இடித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், கட்டவே இல்லை. ஏனென்றால் அது எதிரியை மறித்து நிற்கக் கட்டிய இடம் இல்லை, சரக்கு வைக்கக் கட்டிய இடம். 1851 முதல் 1891 வரை 40 வருடம், அந்த வட்டாரத்தில் சிதறிக் கிடந்த ராணுவ முகாம்களுக்கு மாவு, உப்புக்கண்டம், காப்பிக்கொட்டை, சட்டை, பூட்ஸ், லாடம், வெடிமருந்து எல்லாம் இங்கே வந்து இறங்கித்தான் பிரிந்து போயிருக்கின்றன.

ஆரம்பக் கதை சுருக்கமாக: மெக்சிகோவோடு நடந்த போரில் இந்த நிலம் அமெரிக்கா கைக்கு வந்தது, 1848இல் ஒப்பந்தமும் ஆனது. படைகளைச் சாண்டா ஃபே மாதிரி ஊர்களுக்குள் வாடகைக்கு வைத்திருந்தார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி வாஷிங்டன் அனுப்பிய ஆள் லெப்டினன்ட் கர்னல் எட்வின் சம்னர். அவர் வந்த வேகத்தில் 1851 ஜூலையில் தலைமையகத்தையும் கிடங்கையும் ஊருக்கு வெளியே, மிசௌரியிலிருந்து வரும் சாண்டா ஃபே வண்டிப்பாதையின் இரண்டு கிளைகளும் வந்து சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். இடத் தேர்வு அருமை. கட்டுமானம்தான் மோசம், பட்டை உரிக்காத பச்சை மரத்தை அடித்தளம் இல்லாமல் அப்படியே மண்மேல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள், சில வருடத்தில் உளுத்துப் போய்விட்டது.

என் கட்சி இதுதான்: அந்த எல்லைப்புறத்தில் யார் ஜெயித்தார், யார் பட்டினி கிடந்தார் என்பதைப் போர்க்களங்களைவிட இந்தக் கிடங்கின் இருப்புதான் தீர்மானித்தது. மறுப்பவர்கள் வாருங்கள், பேசலாம்.

போர்க்களம்77 எழுதியது:

இடத்தைப் பற்றி எழுதியதற்கு நன்றி, ஆனால் கட்சி கொஞ்சம் மிகை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல் குளோரியட்டா கணவாயில் சண்டை போட்டுத்தான், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சண்டை இல்லாவிட்டால் கிடங்கே அவர்கள் கைக்குப் போயிருக்கும். அப்படியென்றால் கிடங்கைக் காப்பாற்றியது போர்க்களம்தானே?

வண்டிப்பாதை எழுதியது:

நீங்களே நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள் சகோ.

டெக்சாஸிலிருந்து அந்தக் கான்ஃபெடரேட் படையைக் கொண்டுவந்தவர் ஹென்றி சிப்லி. 1861 வரை அமெரிக்க ராணுவத்தில் அதிகாரி, ஃபோர்ட் யூனியனிலேயே பணியில் இருந்தவர், அங்கிருந்துதான் பதவியை விட்டு எதிர்ப்பக்கம் போனார். கிடங்கில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய திட்டமே கையில் குறைந்த சரக்கோடு வந்து, வழியில் இருக்கும் யூனியன், அதாவது அமெரிக்க அரசுப் பக்கத்துக் கிடங்குகளைப் பிடித்துத் தின்றுகொண்டே மேலே போவது. 1862 பிப்ரவரி 21 அன்று வால்வெர்டேயில் சண்டையிலும் ஜெயித்தார். ஜெயித்து என்ன பலன்? ஆல்புகர்க்கியை நெருங்கும்போது அங்கிருந்த ராணுவச் சரக்குக்கு யூனியன் அதிகாரிகளே தீ வைத்துவிட்டார்கள். சாண்டா ஃபேயில் இருந்ததை வண்டிகளில் ஏற்றி ஃபோர்ட் யூனியனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர்கள் கிடைத்தன, உலையில் போட அரிசி இல்லை என்கிற நிலைமை.

இந்தப் பக்கம் கொலராடோவிலிருந்து தன்னார்வப் படை பனியில் நடந்தே வந்து மார்ச் இரண்டாம் வாரம் ஃபோர்ட் யூனியனைச் சேர்ந்தது. அவர்களுக்குச் சீருடையும் ஆயுதமும் இந்தக் கிடங்கிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்கள். மார்ச் 28 அன்று கணவாயில் நேருக்கு நேர் நடந்த சண்டையில் யார் ஜெயித்தார் என்றால் களத்தில் கடைசிவரை நின்றது டெக்சாஸ்காரர்கள்தான். ஆனால் அதே நேரம் கொலராடோ படையின் மேஜர் சிவிங்டன் ஒரு பிரிவை மலைமேல் ஏற்றி, மானுவேல் சாவெஸ் என்ற உள்ளூர் அதிகாரி வழிகாட்ட, பின்பக்கமாக இறங்கிப் போய் ஜான்சன் பண்ணையில் நிறுத்தியிருந்த அவர்களுடைய சரக்கு வண்டிகள் அத்தனையையும் கொளுத்திவிட்டார். 60லிருந்து 80 வண்டி வரை இருக்கும் என்கிறார்கள். மாவு, மருந்து, போர்வை, குண்டு எல்லாம் போயிற்று. களத்தில் நின்றவன் சோறில்லாமல் டெக்சாஸ் வரை திரும்பி நடந்தான்.

போர்க்களம்77 எழுதியது:

சரி, ஜான்சன் பண்ணை விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்ட் யூனியனை விட்டு நகரக் கூடாது, அதைக் காப்பதுதான் முதல் வேலை என்பது மேலே இருந்த கர்னல் கான்பியின் எண்ணம். கொலராடோ படையின் கர்னல் ஸ்லவ், அங்கே தளபதியாக இருந்த பால் என்பவரைவிடப் பணி மூப்பில் முந்தியவர் என்று சொல்லித் தலைமையை எடுத்துக்கொண்டு படையோடு கிளம்பிவிட்டார். தோற்றிருந்தால் 100 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கிடங்கு கிட்டத்தட்ட ஆளில்லாமல் கிடந்திருக்கும். அவர் செய்தது பெரிய பந்தயம், எனக்கு அது சரியாகவே படுகிறது. சும்மா உட்கார்ந்து காத்திருந்தால் சிப்லிக்கு நேரம் கிடைத்திருக்கும்.

அதோடு அந்தச் சமயம் அங்கே இருந்தது நட்சத்திர வடிவ மண்கோட்டை. 1861இல் கான்பி உத்தரவில் இரவு பகலாக முறை வைத்துத் தோண்டியது. அது ஒன்றுதான் உண்மையில் "கோட்டை" என்று சொல்லத்தக்கது. நீங்கள் பார்த்தீர்களா?

வண்டிப்பாதை எழுதியது:

பார்த்தேன். இப்போது புல் மூடிய மண்மேடுதான். உள்ளே ஈரம் தாங்காமல் பலரும் அறைகளை விட்டுவிட்டு வெளியே கூடாரத்தில் படுத்தார்களாம். அதுவும் நிலைக்கவில்லை. 1863இல் ஜெனரல் கார்ல்டன் தொடங்கிய மூன்றாவது கட்டடத்தொகுதிதான் நாம் இன்று பார்க்கிற சுவர்கள்.

கிடங்கு மணி எழுதியது:

தம்பி, நான் 24 வருடம் நம் ராணுவத்தில் சப்ளை பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன், பெரும்பகுதி மலை எல்லையில். இந்த இழையைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் ஒரு விளக்கம், நிறையப் பேர் குழப்பிக்கொள்வது. அந்தக் கால அமெரிக்க ராணுவத்தில் சப்ளை என்பது ஒரே துறை இல்லை. குவார்ட்டர்மாஸ்டர் துறைக்கு வண்டி, மாடு, குதிரை, தீவனம், துணி, விறகு, கட்டடம். சாப்பாடு கமிசரி துறைக்கு. துப்பாக்கி, வெடிமருந்து, குண்டு ஆர்ட்னன்ஸ் என்ற ஆயுதத் துறைக்கு. ஃபோர்ட் யூனியனில் படை தங்கும் முகாம், குவார்ட்டர்மாஸ்டர் டிப்போ, ஒரு மைல் தள்ளி ஆயுதச்சாலை என்று மூன்றும் தனித்தனி. தனித்தனி அதிகாரி, தனித்தனி கணக்குப் புத்தகம். முகாம் தளபதிக்கு டிப்போ மேல் நேரடி அதிகாரம் கிடையாது. இதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும், பக்கத்துக் கட்டடத்தில் போர்வை அடுக்கி வைத்திருக்கும், கையெழுத்து இல்லாமல் ஒன்று எடுக்க முடியாது, இங்கே பையன்கள் குளிரில் நடுங்குவார்கள். நானே சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி நின்றிருக்கிறேன்.

அடுத்தது மாட்டுக் கணக்கு. ஏன் ஒப்பந்த வண்டிக்காரர்கள் கோவேறு கழுதையை விட்டுவிட்டு மாட்டைப் பூட்டினார்கள்? ராணுவ அளவுப்படி ஒரு கோவேறு கழுதைக்கு நாளைக்கு 4 கிலோ தானியம், புல் தனி. 26 வண்டி, வண்டிக்கு 6 கழுதை என்று வையுங்கள், 156 கழுதை. நாளைக்கு 620 கிலோவுக்கு மேல் தானியம். வண்டிக்கு இரண்டரை டன் என்று பெரிய வண்டிக் கணக்கே போட்டாலும் மொத்தச் சரக்கு 65 டன். மிசௌரி ஆற்றங்கரையில் லெவன்வொர்த்திலிருந்து ஃபோர்ட் யூனியன் 1,100 கிலோமீட்டருக்கு மேல், 50 நாள் பயணம் என்றால் 31 டன் வழியிலேயே தீர்ந்துவிடும். கொண்டுபோகிற சரக்கில் பாதியை இழுக்கிற மிருகமே தின்றால் அப்புறம் என்ன போக்குவரத்து? மாட்டை இரவில் அவிழ்த்துவிட்டால் புல் மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும். மெதுவாகப் போகும், அவ்வளவுதான். ஒரு வண்டிக்கு ஆறு ஜோடி.

இதனால்தான் அங்கே டிப்போ தேவைப்பட்டது. பாதையில் புல் முளைத்தால்தான் மாடு நகரும், வசந்தத்துக்கு முன் வண்டி கிளம்பாது, பனிக்காலத்தில் வராது. மாதத்துக்கு ஒரு கூலி விகிதம், 100 பவுண்டை 100 மைல் கொண்டுபோக இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதுவார்கள், குளிர்மாதங்களுக்குக் கூலி ஏறும். அப்படியானால் கோடையில் வருவதை வைத்து வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். சரக்கு வரும் காலம் ஒன்று, வேண்டும் காலம் வேறு. பனி மூடும் முன் இருப்பு சேர்ப்பது எங்களுக்கும் அதே பாடம்தான்.

புதிய வாசகன் எழுதியது:

மணி ஐயா, அந்த 26 வண்டி என்பது ஏதாவது கணக்கா? அப்புறம் இவ்வளவு தூரம் வந்த வண்டி உடையாதா?

கிடங்கு மணி எழுதியது:

ஒரு மேஸ்திரியின் கீழ் ஒன்றாகப் போகிற தொடர் அது, ஏறக்குறைய அந்த எண்ணிக்கை. ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் என்று பெரிய கூட்டு நிறுவனம் 1850களில் ராணுவச் சரக்கையே நம்பி அப்படி ஓட்டியது.

உடையாமல் இருக்குமா. அந்த ஊர்க் காற்றில் ஈரமே கிடையாது. மரம் சுருங்கும், ஆரக்கால் குடத்தில் ஆடும், வட்டை மேல் போட்ட இரும்புப் பட்டா தளர்ந்து கழன்று விழும். என் தாத்தா மாட்டுவண்டி வைத்திருந்தார், சித்திரை வெயிலில் சக்கரத்தைக் கழற்றிக் கிணற்றடித் தொட்டியில் போட்டு ஊற வைப்பார், மரம் உப்பிப் பட்டாவைப் பிடித்துக்கொள்ளும். அங்கேயும் ஆற்றைக் கண்ட இடத்தில் இதையே செய்திருக்கிறார்கள். அதனால் கொல்லர், தச்சர், சக்கரம் செய்கிறவர் எல்லோருக்கும் டிப்போவில் பட்டறை போட்டுக் கொடுத்தார்கள். வண்டிப்பாதை தம்பி, பட்டறை இருந்த இடத்தின் படம் இருந்தால் போடுங்கள்.

வண்டிப்பாதை எழுதியது:

படம் இருக்கிறது ஐயா, இரவு ஏற்றுகிறேன். அந்தப் பட்டறைத் தொழுவத்தின் பக்கம் நடந்து வெளியே வந்தால் வண்டித்தடம் தெரிகிறது. நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். ஒற்றைத் தடம் என்று நினைத்துப் போனேன், அகலமான பள்ளமாகப் புல்லுக்குள் இறங்கி, மேய்ச்சல் நிலத்தில் தூரத்தில் ஒரு நிழல்கோடு மாதிரி போகிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போதுதான் தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் போனவர்கள் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். கடைசி வண்டி போய் 140 வருடத்துக்கு மேல் ஆகிறது, புல் இன்னும் அந்த இடத்தில் வேறு நிறத்தில் முளைக்கிறது.

தேவகி எழுதியது:

எல்லோரும் ஆர்வமாகப் பேசுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் மூன்றாவது ஃபோர்ட் யூனியன் கட்டிய கார்ல்டன் பெயரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். "யார் பட்டினி கிடந்தார்" என்று வண்டிப்பாதை அண்ணா முதல் பதிவிலேயே எழுதினார், அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கார்ல்டன் உத்தரவில் 1863, 64இல் கிட் கார்சன் என்ற படை அதிகாரி, அந்த மண்ணின் பூர்வகுடிகளான நவஹோ மக்களின் நாட்டுக்குள் போய்ச் சோளக்கொல்லைகளையும், கேன்யன் டி ஷேயில் அவர்கள் தலைமுறையாக வளர்த்த பீச் மரங்களையும் அழித்தார். முதலில் அவர்களுடைய களஞ்சியத்தை எரித்துவிட்டு, அப்புறம் ராணுவக் களஞ்சியத்தை நம்பி வாழ வைத்தார்கள். 8,000 பேருக்கு மேற்பட்டவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்திப் பெகோஸ் ஆற்றங்கரையில் பாஸ்க் ரெடோண்டோ என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆற்றுத் தண்ணீர் உப்புக் கசப்பு, விறகு கிடையாது. விதைத்த சோளத்தைப் புழு தின்றது. அங்கே காவலுக்கு இருந்தது ஃபோர்ட் சம்னர், அதற்கு மாவும் மற்றதும் வந்தது நீங்கள் பெருமையாகப் பேசும் ஃபோர்ட் யூனியனிலிருந்து.

நவஹோ மக்களுக்குக் கோதுமை மாவும் காப்பிக்கொட்டையும் பழக்கமில்லை. கொட்டையை வறுத்து அரைக்கத் தெரியாமல் அப்படியே வேகவைத்துத் தின்று வயிறு கெட்டது என்று அவர்களுடைய பாட்டிமார் கதைகளில் இன்றும் வருகிறது. பங்கீட்டுச் சீட்டுக்குப் பதிலாக உலோக வில்லை கொடுத்தபோது, உலோக வேலை தெரிந்த நவஹோக்காரர்கள் அதே மாதிரி வில்லை அடித்துப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அதிகாரிகள் அதை மோசடி என்று எழுதினார்கள். எனக்கு அதைப் படித்தபோது கண் கலங்கியது. இன்று நவஹோ விருந்துகளில் பொரித்த ரொட்டி வைக்கிறார்களே, மாவும் கொழுப்பும் உப்பும் மட்டும், அது இந்தப் பங்கீட்டு மூட்டையிலிருந்து பிறந்தது என்றே அவர்களில் பலர் சொல்கிறார்கள்.

1868 ஜூன் 1 அன்று ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்ப விட்டார்கள். அதற்குள் எத்தனையோ பேர் அந்த மண்ணிலேயே போய்விட்டார்கள்.

போர்க்களம்77 எழுதியது:

தேவகி அக்கா, கேட்க வருத்தமாக இருக்கிறது. ஆனால் அது கார்ல்டன் எடுத்த முடிவு. கிடங்கு என்ன செய்யும்? சரக்கை அனுப்பியதால்தானே அத்தனை பேரும் சாகாமல் இருந்தார்கள்?

தேவகி எழுதியது:

தம்பி, வீட்டை எரித்தவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான் என்பது போல இருக்கிறது நீங்கள் சொல்வது. கிடங்கு மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஊழியர்கள் வண்டி அனுப்பியிருப்பார்கள், பாதையில் தாமதமாகியிருக்கும், மாவில் புழு வைத்திருக்கும். ஆனால் அத்தனை ஆயிரம் பேரை ஓர் இடத்தில் அடைத்து வைக்க முடியும் என்று ஒரு ஜெனரலுக்குத் தைரியம் வந்ததே பின்னால் அந்தக் கிடங்கு இருந்ததால்தான்.

கிடங்கு மணி எழுதியது:

அம்மா சொல்வது சரி. இருப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் மேலே முடிவு எடுப்பார்கள். பட்டியலில் இருக்கிற மாவும் தின்னக்கூடிய மாவும் ஒன்றில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். நல்ல ஸ்டோர்மேன் என்றால் மூட்டையைக் கம்பி குத்திப் பார்த்து, மணம் பார்த்து, இது தேறாது என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். எழுதினால் கேள்வி வரும், எழுதாவிட்டால் எங்கோ ஒருவன் அதைத் தின்பான்.

வண்டிப்பாதை எழுதியது:

தேவகி, நீங்கள் கேட்டது நியாயம். அங்கே நின்றபோது நான் வண்டிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அவை கிளம்பி எங்கே போயின என்று நினைக்கவில்லை. முதல் பதிவில் அந்த வரியை எழுதியவனே மறந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிடங்கு எல்லாவற்றையும் மிசௌரியிலிருந்தே கொண்டுவரவில்லை. மாவு, சோளம், மாடு, புல் போன்றவற்றைச் சுற்றுவட்டாரத்தில் வாங்கினார்கள். மோரா பள்ளத்தாக்கில் செரான் செயின்ட் விரெய்ன் மாவு ஆலை வைத்து ராணுவத்துக்கு விற்றார், அந்தக் கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1866இல் குட்நைட்டும் லவிங்கும் டெக்சாஸிலிருந்து மாடு ஓட்டிவந்து ஃபோர்ட் சம்னரில் விற்றதும் இதே வாங்கும் சங்கிலிதான். தன் கொல்லையில் சோளம் விளைத்த ஸ்பானிய மொழி பேசும் குடியானவருக்கு முதல்தடவையாகக் கையில் காசு புழங்கியதும் இதனால்தான். ஒருவருக்குச் சந்தை, இன்னொருவருக்குச் சிறை.

செங்கல்சூளை எழுதியது:

நான் கட்டட ஆள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த மூன்றாவது கட்டடம் முழுக்கப் பச்சைக்கல். ஆங்கிலத்தில் அடோபி என்று ஏதோ புதிய பொருள் மாதிரிச் சொல்வார்கள், நம் ஊரில் சூளையில் வைக்காமல் வெயிலில் காயவைத்து அடுக்குவோமே, அதேதான். மண்ணும் வைக்கோலும் மிதித்து, அச்சில் அடித்து, காயவைத்தது. கீழே கல் அஸ்திவாரம், மேலே சுவர் தலையில் நாலைந்து வரிசை சுட்ட செங்கல். அந்தச் செங்கல் அலங்காரத்துக்கு இல்லை, மழை நேராகப் பச்சைக்கல்லில் இறங்காமல் இருக்க. ஜன்னல் கண்ணாடி, ஆணி, கூரைத் தகரம் மட்டும் கிழக்கிலிருந்து வண்டியில் வந்தன. மண்வேலை செய்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களுக்குத்தான் அந்தக் கை இருந்தது.

மண்சுவர் 100 வருடமும் நிற்கும், தலையில் குல்லாயும் காலில் செருப்பும் இருந்தால். குல்லாய் போனால் இரண்டு மழைக்குத் தாங்காது. வண்டிப்பாதை சார், கூரை எப்போது போயிற்று?

வண்டிப்பாதை எழுதியது:

ரயில் வந்ததும் கூரையின் விதி முடிந்துவிட்டது. ஆட்சிசன், டொபீகா அண்ட் சாண்டா ஃபே ரயில் 1879இல் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது, வாட்ரஸில் நிலையம். இரண்டு மாதம் வந்த சரக்கு சில நாளில் வந்தது, ஒரே இடத்தில் ஒரு வருடச் சரக்கை அடுக்கி வைக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. பழுது பார்க்கப் பணம் வரவில்லை. 1883இல் ஆயுதச்சாலையை மூடினார்கள், 1891இல் படையும் கிளம்பியது. அப்புறம் தகரமும் உத்திரமும் கதவும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன, சுவர் மழையில் நின்றது.

1954இல் தேசிய நினைவுச்சின்னமாக்கினார்கள். இப்போது பூங்காத் துறை ஆட்கள் மண்ணைக் குழைத்துப் பழைய சுவர்மேல் பூசுகிறார்கள். மழை அந்தப் பூச்சைத்தான் கரைக்க வேண்டும், உள்ளே இருக்கும் 1860களின் கல்லைத் தொடக் கூடாது. கரையக் கரையத் திரும்பப் பூசுகிறார்கள். ஒரு சுவரில் பூசியவரின் விரல் தடம் அப்படியே காய்ந்து இருந்தது, பக்கத்தில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன்.

செங்கல்சூளை எழுதியது:

சரியான முறை. சிமெண்ட் பூசியிருந்தால் உள்ளே ஈரம் நின்று சுவரே பிளந்திருக்கும். பூச்சு மண்ணில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள், எனக்கு இங்கே ஒரு பழைய வீட்டு வேலைக்கு உதவும்.

புதிய வாசகன் எழுதியது:

ஒரு கேள்வி. 40 வருடமும் அங்கேயே இருந்தவர் யாராவது உண்டா? தளபதிகள் எல்லாம் மாறிக்கொண்டே இருந்திருப்பார்களே.

வண்டிப்பாதை எழுதியது:

கிட்டத்தட்ட உண்டு. வில்லியம் ஷூமேக்கர், ஆயுதச்சாலையின் பண்டகக் காப்பாளர். 1851இல் முதல் மரக்கட்டட காலத்திலேயே வந்தவர். 1861இல் அதிகாரிகள் பலர் தெற்குப் பக்கம் போனபோதும் சாவியோடு அங்கேயே இருந்தார். நட்சத்திரக் கோட்டை, மூன்றாவது கட்டடம், ரயில் எல்லாவற்றையும் பார்த்தார். 1882இல்தான் ஓய்வு பெற்றார், ஓய்வுக்குப் பிறகும் வேறு ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கி 1886இல் இறந்தார். அவர் இருந்த ஆயுதச்சாலைப் பக்கம் நான் போகவில்லை, முதல் கோட்டை இருந்ததும் அங்கேதான், மேசைமலை அடிவாரத்தில் தள்ளி இருக்கிறது. அடுத்த முறை அதற்காகவே ஒரு நாள் வைத்திருக்கிறேன்.

கிடங்கு மணி எழுதியது:

31 வருடம் ஒரே ஸ்டோர். தம்பி, அங்கே போனால் அந்த ஆள் இருந்த வீட்டு வாசலில் எனக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள்.